போடிக்கு வந்த ஜப்பான் வாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மதியம், போடிநாயக்கனூரில் என் வீட்டுக்காரர் வைத்திருக்கும் ஜீப் பட்டறையில் நடந்தது இது. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் அந்த அரை மணி நேரத்தைப் பற்றிப் பேசாமல் எங்கள் வீட்டில் ஒரு மாதம்கூடக் கழிந்ததில்லை.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஏலக்காய் கிடங்கு ஒன்றில் தரம் பிரிக்கும் வேலை பார்க்கிறேன். பதினெட்டு வருடமாக அதே வேலை. மலையிலிருந்து வரும் காயை ஜன்னல் வெளிச்சத்தில் கொட்டி, பருமனான பச்சைக்காய், வெளுத்தது, வாய் பிளந்தது, பூச்சி கடித்தது என்று பிரித்துப் போட வேண்டும். வெளுத்த காய்க்குச் சாயம் ஏற்றிக் கலந்து அனுப்புகிறவர்களும் உண்டு. அதையும் கண்டுபிடிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் ஜீப் மெக்கானிக். விடியற்காலையில் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும் ஜீப்புகளில் பாதிக்கு அவர்தான் வைத்தியர்.

அவருக்கு இரும்பு என்றால் உயிர். மற்றவர்கள் பழைய நாணயம் சேர்ப்பது மாதிரி இவர் பழைய கத்தி, பூட்டு, சாவி எல்லாம் சேர்ப்பார். அதோடு நின்றிருக்கும். ஒருநாள் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் நின்றுபோன ஜீப்பைச் சரிசெய்யப் போனார். அங்கே மேனேஜர் பங்களாவில் பரம்பரையாக வந்த ஒரு ஜப்பான் வாளை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் டீயைக்கூட வாயில் வைக்கவில்லை.

"ஏ புள்ள, இரும்புக்குள்ள மேகம் ஓடுது" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மலையில் ஏதோ காற்று கருப்பு பட்டுவிட்டதோ என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு எந்நேரமும் அதே நினைப்புத்தான். ஜப்பான் எழுத்தைப் போனில் காட்டினால் தமிழில் சொல்லும் ஒரு வசதி இருக்கிறதாம். அதை வைத்துக்கொண்டு ஒரு நீள நோட்டில் எழுதி எழுதிப் படித்தார். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனுஷன். வாளின் அலகை வெறுங்கையால் தொடக்கூடாது, வேர்வை பட்டால் துரு ஏறும் என்பார். கூர்ப் பக்கம் ஓரமாக ஓடும் வெள்ளைக் கோடு, மண்ணைப் பூசிக் காய்ச்சித் தண்ணீரில் முக்கும்போது தானாக விழுவது, அது சாய்த்துப் பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும் என்பார். கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் வால் பகுதியில் துரு படிந்திருக்கும், அதைச் சுத்தம் செய்வது பெரிய பாவம், ஏனென்றால் வாளின் வயதைச் சொல்வதே அந்தத் துருதான் என்பார். எல்லாம் நான் சோறு பரிமாறும்போதுதான் நடக்கும்.

"மொதல்ல நம்ம வீட்டு அருவாமனையத் தீட்டிக் குடுங்க, தக்காளி நசுங்குது" என்பேன் நான்.

சிரித்துக்கொண்டே போய்விடுவார். கேலி செய்தேனே தவிர, அத்தனையும் என் காதில் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

பழைய ஆயுதங்கள் சேர்க்கிறவர்களுக்கென்று ஆன்லைனில் ஒரு குழு. அதில் சேர்ந்தார். டாக்டர், வக்கீல் எல்லாம் இருக்கிற குழு அது. இரும்பின் பதம் பற்றி இவர் எழுதுவதைப் படித்துவிட்டு அவர்கள் "போடி அண்ணே" என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த மரியாதை அவருக்கு எவ்வளவு இனித்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் யாரும் அவரிடம் அப்படி எதையும் கேட்டதில்லை.

அந்தக் குழுவில்தான் அந்த வாளின் போட்டோ வந்தது. போட்டவர் தன் தாத்தா பட்டாளத்தில் இருந்தவர், பர்மா சண்டையிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் வாள் இது, இருநூறு வருடத்துக்கு முந்தியது, அன்றிலிருந்து தகரப் பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை என்று எழுதியிருந்தார். அம்மாவின் வைத்தியத்துக்காக விற்கிறாராம். ஜப்பானில் கொடுத்த சான்றிதழும் இருக்கிறதாம். இவர் ஒரு வரி விசாரித்ததுமே, குழுவில் பேச வேண்டாம் என்று தனியாக இவரைக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார். வேறு இரண்டு பேர் கேட்கிறார்கள், அண்ணன் என்பதால் உங்களுக்கு நிறுத்தி வைக்கிறேன், இன்றைக்கே முன்பணம் போட்டால் நல்லது என்றார். இவரும் போட்டுவிட்டார். புது ஜாக்கி வாங்க வைத்திருந்த பணம் அது. வாளைக் கூரியரில் எடுக்க மாட்டார்கள், நானே நேரில் கொண்டுவருகிறேன் என்றும் சொல்லிவிட்டார்.

ஒரு விஷயத்தை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பணம் போடுவதற்கு முன்பே அந்தப் போட்டோக்களை என்னிடம் காட்டினார். அந்த வால் பகுதியைப் பார்த்ததும் என் மனசில் ஏதோ நெருடியது. துரு மேலிருந்து கீழ்வரை ஒரே நிறமாக இருந்தது. ஒரே தோட்டத்துக் காயாக இருந்தாலும் ஒரு மூட்டை முழுக்க ஒரே பச்சையாக வராது. அப்படி வந்தால் எங்கள் கை தானாக நின்றுவிடும். அந்த மாதிரி ஒரு நிற்றல். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதுபோக, கூலிக்குக் காய் பிரிக்கிறவளுக்கு ஜப்பான் வாளைப் பற்றி என்ன தெரியும் என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். அன்றைக்குச் சொல்லியிருந்தால் அந்த முன்பணமாவது மிஞ்சியிருக்கும்.

அந்த வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். குரங்கணி மலைப் பக்கம் மழைக் கருக்கல் கட்டி நின்றது. பட்டறை வாசலில் ஒரு வெள்ளைக் கார். உள்ளே ஏழெட்டு ஜீப் டிரைவர்கள் கூடி நின்றார்கள். ஜப்பான் வாள் வருகிறது என்று இவரே எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறார். பொங்கலுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, முழங்கை வரை கிரீஸ் போகக் கழுவிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தார்.

விற்க வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். நல்ல பேச்சு, பணிவு. என்னைப் பார்த்ததும் "வாங்கக்கா" என்று எழுந்து நின்றார். ஒரு ஜீப்பின் பானெட்டில் புதுத் துண்டு விரித்து அதில் வாளை வைத்திருந்தார்கள். அவர் உறையிலிருந்து உருவினார். டிரைவர்கள் எல்லோரும் "அடேயப்பா" என்றார்கள். உண்மையாகவே அழகாகத்தான் இருந்தது. அவர் அந்த வெள்ளைக் கோட்டைக் காட்டுவதற்காகக் கட்டைவிரலை அலகின் மேல் வைத்து, அடியிலிருந்து நுனிவரை தடவிக்கொண்டே போனார்.

என் வீட்டுக்காரர் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது.  அலகின் மேல் அந்த விரல் தடம் ஈரமாகத் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனாலும் மீதிப் பணத்தை அனுப்ப இவர் போனைக் கையில் எடுத்துவிட்டார். இனியும் பொறுக்க முடியாது என்று தோன்றியது.

"ஏங்க, ஒரு நிமிசம் உள்ள வாங்க."

"மதினி, நல்ல நேரம் போயிரும். வெரசா முடிக்கட்டும்" என்றார் ஒரு டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் என் பின்னால் ஸ்பேர் பார்ட்ஸ் அறைக்குள் வந்தார்.

"அலகை வெறுங்கையால தொடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா."

"மூணு தலைமுறையா வச்சிருக்கேங்கிறாரு. அவருக்கு அது தெரியாதா?"

"தாத்தாவுக்குத் தெரிஞ்சிருக்கும். இவருக்கு யாரும் சொல்லாம விட்டிருக்கலாம்."

"சரி, அந்தச் சீட்டு எந்த ஊர்ல குடுத்தது?"

"ஜப்பான்லதான்."

"எப்ப குடுத்ததாம்?"

போனில் பார்த்து ஏற்கெனவே குறித்து வைத்திருந்தார். கொஞ்சம் யோசித்து, "நமக்குக் கல்யாணம் ஆனதுக்கு அப்பறம்தான்" என்றார்.

"சண்டையில வந்ததுல இருந்து பெட்டிக்குள்ளயே இருந்துச்சுன்னு சொன்னாருல்ல? அப்பறம் ஜப்பான்ல யாரு இத அளந்து பாத்துச் சீட்டுக் குடுத்தா? ஒரு மூட்டைச் சீட்ட இன்னொரு மூட்டையில சொருகுற ஆளுகள நான் தெனமும் பாக்குறேங்க."

அவர் அலமாரியில் கையை ஊன்றிக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. வெளியே அத்தனை பேர். கூப்பிட்டு வைத்ததும் அவர்தான். "யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லி அனுப்பிருங்க. வேற சாக்கு ஏதாச்சும் சொல்லிக்கலாம்" என்றேன். அவர் மானம் போகாமல் இருந்தால் போதும் என்றுதான் எனக்கு இருந்தது.

அவர் வெளியே போனார். ஆனால் நான் சொன்னதைச் சொல்லவில்லை. "தம்பி, அந்தக் கைப்பிடியக் கழட்டுங்க" என்றார். அந்த ஆள் தயங்கினார். போட்டோவில்தான் பார்த்தீர்களே அண்ணே என்றார். இவர் தானே ஆணியைத் தட்டிக் கழற்றினார். துணியால் பிடித்து வாளை வாசலுக்குக் கொண்டுபோய், மேலும் கீழும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அந்த வெள்ளைக் கோடு எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே மாதிரி பளிச்சென்று தெரிந்தது, சுவரில் சுண்ணாம்பால் கோடு போட்ட மாதிரி. பிறகு சான்றிதழை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். அதிலிருந்த படத்தில் வால் பகுதியில் ஒரு துளை. கையில் இருந்த வாளில் இரண்டு.

கடைசியாக என்னைப் பார்த்தார். "கிடங்குல சாயக்காய எப்பிடிப் பாப்பீங்க?" என்று கேட்டார்.

கேரியரைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கொடுத்தேன். வால் பகுதியைத் துடைப்பது பாவம் என்று ஒரு வருடமாக எனக்குப் பாடம் நடத்திய மனுஷன், அத்தனை பேர் முன்னால் அதை அழுத்தித் துடைத்தார். துணி செங்கல் நிறமாக மாறியது. அடியில் புது இரும்பு மினுங்கியது. ஜீப்பின் வில்பட்டைகளில் ஒரு மழைக்காலத்துத் துருவையும் இருபது வருடத்துத் துருவையும் பார்த்துப் பழகியவர் அவர். அதற்கு மேல் யாரும் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

துணியை பானெட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்கப்பா. நான் ஏமாந்துட்டேன். இது பழைய வாளு இல்ல. ஆசை கண்ண மறைச்சிருச்சு. என் வீட்டுக்காரிதான் கண்டுபிடிச்சா."

  எத்தனை ஆண்கள் இப்படிச் சொல்வார்கள்? தப்பித்துக்கொள்ள நான் கொடுத்த வழி கையில் இருந்தும் அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

விற்க வந்தவர் அப்போதும் சிரித்தார். "அக்கா, இது ஏலக்காய் இல்லக்கா" என்றார்.

"ஏலக்காயா இருந்தா உங்க காரு நிக்கிறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிருப்பேன் தம்பி" என்றேன். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, என் வாயில் வந்துவிட்டது. டிரைவர்கள் விசில் அடித்தார்கள்.

அந்த ஆள் என் வீட்டுக்காரர் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போய் ஏதோ மெல்லப் பேசினார். இவர் பதில் மட்டும் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக வந்தது. "பாதி வெலைக்கு வாங்கி, குழுவுல என் பேரச் சொல்லி இன்னொருத்தன் தலையில கட்டச் சொல்றீங்களா? என் பேர நம்பித்தான அவன் வாங்குவான்? கெளம்புங்க."

அதோடு அந்தப் பணிவெல்லாம் போய்விட்டது. உரிமம் இல்லாமல் வாள் வாங்கப் பார்த்தீர்கள், போலீசில் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா என்று மிரட்டினார். இவர் முகம் ஒரு நொடி வெளிறியது உண்மை. அந்த விஷயத்தை நாங்கள் யோசிக்கவே இல்லை. ஆனால் நான் சொன்னேன்: "வாளு இப்ப உங்க கார்லதான் ஏறப்போகுது. வாங்க, ஸ்டேசனுக்கு எல்லாரும் சேந்தே போவோம்."

அவர் சான்றிதழைப் பிடுங்கிக்கொண்டு, வாளைத் துண்டோடு சுருட்டிப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு போயே விட்டார். முதல் மழைத்துளி விழுந்தது. என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. ஒரு டிரைவர்தான் கேரியரைத் திறந்து, "அண்ணே, மதினி வச்ச கொழம்பு ஆறுது" என்று உட்கார வைத்தார்.

மறுநாள் நாங்கள் இருவரும் போலீஸ் நிலையத்துக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். அங்கிருந்த பெண் அதிகாரி முதலில் எங்களைத்தான் சத்தம் போட்டார். இப்படிப்பட்ட வாளை வைத்திருக்க என்ன அனுமதி வேண்டும் என்று விசாரிக்காமல் பணம் அனுப்புவீர்களா என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிறகு புகாரை எழுதி வாங்கிக்கொண்டார். முன்பணம் இன்றுவரை திரும்பவில்லை.

அதைவிடக் கஷ்டமான காரியம் அதற்கு அப்புறம்தான் இருந்தது. ஏமாந்ததைச் சொன்னால் குழுவில் அவருக்கு இருந்த பெயர் போய்விடும். சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று என்னிடம் காட்டினார். எனக்கும் அவ்வளவு தெரியாது. நடந்ததை வரிசையாக, தான் எங்கெங்கே அவசரப்பட்டேன் என்பது உட்பட, தன் சொந்தப் பெயரில் போட்டார். துணியின் படத்தையும், அந்த ஆள் முன்பு போனில் அனுப்பியிருந்த சான்றிதழின் படத்தையும் போட்டார். "எல்லாம் தெரிந்த மாதிரி பேசினாரே" என்று சிலர் எழுதினார்கள். அவர் அதற்குப் பதில் எழுதவில்லை, போட்டதை எடுக்கவும் இல்லை.

நான்காவது நாள் ஒரு அம்மா போன் செய்தார். ராஜபாளையம் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சராம். ஓய்வு பெற்ற அவர் கணவருக்கு விலைக்கு வந்த வாளின் சான்றிதழ், இவர் போட்ட படத்தில் இருந்த அதே சான்றிதழ். அதே எண், அதே ஒற்றைத் துளை. ஞாயிற்றுக்கிழமை பணம் கொடுப்பதாக இருந்தார்களாம். அந்த அம்மா திரும்பத் திரும்ப நன்றி சொன்னார். இவர் கூச்சப்பட்டு, "நீயே பேசு" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

இன்னும் அவர் ஒரு ஜப்பான் வாள்கூட வாங்கவில்லை. படிப்பதை விடவும் இல்லை. அனுமதி பற்றி முறையாக விசாரித்து வைத்திருக்கிறார். வாங்கினால் நேரில் பார்த்து, நாலு விவரமானவர்களிடம் காட்டி, ஒரு வருடம் ஆனாலும் பொறுத்துத்தான் வாங்குவேன் என்கிறார். குழுவில் புதிதாகச் சேர்கிறவர்கள் வாங்குவதற்கு முன் இவருக்குத்தான் போட்டோ அனுப்புகிறார்கள். இவர் பார்த்துவிட்டு, "என் வீட்டம்மாவும் பார்த்த பிறகு பதில் சொல்கிறேன்" என்று எழுதுகிறார். வக்கீல்களும் டாக்டர்களும் எனக்காகக் காத்திருக்கிறார்கள்!

கிடங்கில் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் "சும்மா, காய் பொறுக்குறேன்" என்றுதான் சொல்வேன். இப்போது "தரம் பார்க்கிறேன்" என்று நிமிர்ந்து சொல்கிறேன். என் கண்ணை நானே மதிக்க அன்றுதான் கற்றுக்கொண்டேன். ஆனால் அந்த நாளை நினைக்கும்போது என் நெஞ்சு நிறைவது அதற்காக மட்டும் இல்லை; எட்டுப் பேர் முன்னால் "நான் ஏமாந்துட்டேன்" என்று குரல் நடுங்காமல் சொன்ன ஒருவரோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன் என்பதற்காகவும்தான்.